பெல்ட் சாரும் என் வயிற்றெரிச்சலும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் என் மனைவி சிரித்தாள்.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் இது செய்திதான். பிலோமினா திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியை. வாரம் முழுக்கப் பிள்ளைகளின் ஆங்கிலத்தைத் திருத்தித் திருத்தி, அவள் முகத்தில் ஒரு நிரந்தரப் பெருமூச்சு குடியேறிவிட்டது. டி.வி. காமெடிக்குச் சிரிக்க மாட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் வாட்ஸப்பில் அனுப்பும் ஜோக்குக்குச் சிரிக்க மாட்டாள். முக்கியமாக... நான் எழுதும் இந்தப் பத்தியைப் படித்துச் சிரிக்கவே மாட்டாள்.

படிப்பாள். அதில் குறை சொல்ல முடியாது. வாரா வாரம் பத்திரிகை வந்ததும் முதல் ஆளாக எடுத்து, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படிப்பாள். படித்துவிட்டு, "மூணாவது பாராவுல 'ஒற்று' விட்டுப்போச்சுங்க" என்பாள். அவ்வளவுதான் விமர்சனம்.

அப்படிப்பட்டவள் அன்றைக்கு, கையில் ஒரு மெலிந்த ஆங்கிலப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதைப் பற்றிக் கவலையே இல்லை.

"என்ன புத்தகம்?" என்றேன்.

"பெல்ட் சாருது" என்றாள்.

பெல்ட் சார் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவர் உண்மையான பெயர் நெவில் பெல்டன். இங்கிலாந்துக்காரர். எழுபதைத் தாண்டியவர். மனைவி இறந்த பிறகு ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்று கிளம்பி வந்தவர், பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் இரும்பை என்ற ஊரில் மாகாளேஸ்வரர் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தங்கிவிட்டார். பெல்டன் என்ற பெயரை ஊர்க்காரர்கள் வாய்க்கு வசதியாகச் சுருக்கிக்கொண்டார்கள். இப்போது தபால்காரர்கூட பெல்ட் சார் என்றுதான் கூப்பிடுகிறார்.

அவர் எழுத்தாளர். இரண்டு வகை எழுதியிருக்கிறார். ஒன்று, வேடிக்கைக் கவிதைகள். இரண்டு, துப்பறியும் நாவல்கள். அந்த நாவல்களில் துப்பறிபவர் யார் தெரியுமா? ஒரு பல் டாக்டர்! சந்தேகப்படுகிற ஆளை நாற்காலியில் சாய்த்து, "ஆ காட்டுங்க" என்பார். அப்புறம் உண்மை தானாக வெளியே வந்துவிடும்.

இதைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்கள். நானும் ஒரு காலத்தில் துப்பறியும் நாவல் எழுதியவன்தான். பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்களே, அந்தச் சின்னப் புத்தகங்கள். என் துப்பறிவாளர் கூலிங் கிளாஸ் போட்டிருப்பார். அவருடைய குணச்சித்திரம் அத்தோடு முடிந்தது. பல் டாக்டர் என்ற யோசனை எனக்கு ஏன் வரவில்லை? நானும்தான் எத்தனை முறை பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்திருக்கிறேன்!

பிலோமினாவின் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக்கு நடுவராக வந்தபோதுதான் பெல்ட் சார் அறிமுகம். தன் புத்தகங்களை அவளுக்குக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு வீட்டில் காலையில் பெல்ட் சார், மாலையில் பெல்ட் சார். "பெல்ட் சார் ஒரு வரி எழுதியிருக்காரு பாருங்க..." என்று ஆரம்பித்தால், என் காபி ஆறிவிடும்.

நான் சந்தேகப் புருஷன் இல்லை. அந்த வகைப் பொறாமை எனக்கு வரவே இல்லை. வந்தது வேறு வகை. அதற்குத் தமிழில் தனிப் பெயர் இல்லை என்று நினைக்கிறேன். என்னுடைய ஒரே வாசகியை இன்னொருவன் தூக்கிக்கொண்டு போகிறான் என்கிற எரிச்சல். எனக்கு நிறைய வாசகர்கள் இருக்கிறார்கள், நீங்களெல்லாம் இருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் நீங்கள் சிரிப்பது என் காதில் விழுவதில்லையே?

"ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வரலாம். உங்களைப் பாக்கணும்னு சொல்லிக்கினே இருக்காரு" என்றாள் பிலோமினா.

போனோம். திண்டிவனத்தில் பாண்டிச்சேரி பஸ் ஏறி, கூட்ரோட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் இரும்பை. வழியெல்லாம் அவரிடம் என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். இலக்கணப் பிழை வந்தால் பக்கத்திலேயே டீச்சர் இருக்கிறாளே!

ஒத்திகை வீண். வாசலில் லுங்கி கட்டிக்கொண்டு நின்றிருந்த அந்த வெள்ளைக்காரர், என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பி, "வாங்க சார், வாங்க. இன்னா வெயிலு, ஒரே பேஜாரு. குந்துங்க" என்றார்.

டீக்கடையில் கற்றுக்கொண்ட தமிழாம். புத்தகத் தமிழ் ஒரு சொல் வராது. இந்த ஊர்த் தமிழ் மட்டும் தண்ணீராக ஓடுகிறது. ஆக, அதிலும் ஆள் கெட்டிக்காரர்.

வேகவைத்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, தட்டில் கொண்டுவந்து வைத்தார். தோலை உரித்துக்கொண்டே, "டீச்சர் உங்க நாவல் ஒண்ணு சொன்னாங்க சார். மொத அத்தியாயம் மட்டும். நல்லாக் கீது" என்றார்.

எனக்கு மனசு கொஞ்சம் குளிர்ந்தது.

"கொல பண்ணது டிரைவர்தானே?"

என் கையில் இருந்த மல்லாட்டை கீழே விழுந்தது. அந்த டிரைவரைக் கடைசி அத்தியாயம் வரைக்கும் ஒளித்துவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"எப்படி... எப்படித் தெரிஞ்சுது?"

"மொத பக்கத்துல மொதலாளி செத்துட்டாரு. எல்லாரும் அழுவுறாங்க. டிரைவரு மட்டும் காரு தொடச்சிக்கினு கீறான். ரத்தம் எதுனா பட்டிருக்கும்."

பிலோமினா கையைத் தட்டினாள். தட்டினாள்! என் நாவலின் மர்மத்தை ஒருவன் என் கண் முன்னாலேயே தேங்காய் மாதிரி உடைக்கிறான், இவள் கைதட்டுகிறாள்.

பிறகு பேச்சு அவருடைய புத்தகங்கள் பக்கம் போனது. அப்போதுதான் தெரிந்தது. அவருடைய நாவல்களை இப்போது அந்த நாட்டில் யாரும் அச்சடிப்பதில்லை. கடைகளில் கிடைப்பதில்லை. பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினால் பதில் வருவதில்லை. அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வது மாதிரிச் சொன்னார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ளக் கஷ்டப்பட்டேன்.

அந்தச் சந்தோஷத்தையும் அவர் நீடிக்க விடவில்லை. "இப்ப என்னைப் படிக்கிறது ஒரே ஆளு சார்" என்றார். பிலோமினாவைக் காட்டினார். "ஒரு ஆளு போதும். சிரிக்கிறாங்க இல்ல?"

திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் செய்யக்கூடியவள்தான், கோயிலுக்குத் தவறாமல் போகிற வீட்டுப் பெண். இல்லை. பெல்ட் சாரின் கவிதையைத் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. விழுப்புரத்தில் கோதண்டம் என்று ஒரு நண்பர். தாலுகா ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மாடி ஹாலில் வாசகர் கூட்டம் நடத்துகிறார். வெள்ளைக்காரர் ஒருவர் இங்கே இருக்கிறார், கவிதை எழுதுகிறார் என்று கேள்விப்பட்டதும் விடுவாரா? கூட்டத்துக்குத் தேதி வைத்துவிட்டார். பெல்ட் சார் பேசுவார்; அவருடைய கவிதைகளைப் பிலோமினா தமிழில் மொழிபெயர்த்துப் படிப்பாள் என்று ஏற்பாடு. அந்த ஹாலில் எனக்கு இதுவரை ஒரு கூட்டம் வைத்ததில்லை கோதண்டம். இதைச் சும்மா தகவலுக்காகச் சொல்கிறேன்.

கூட்டத்துக்கு முந்தைய வாரம் ஒரு சாயங்காலம். பிலோமினா கேப்பை அடை தட்டிக்கொண்டிருந்தாள். மாவுக் கையோடு, மேசையில் இருந்த ஒரு தாளைக் கண்ணால் காட்டினாள்.

"இதைக் கொஞ்சம் பாருங்களேன். படிக்கிற மாதிரி இருக்குதான்னு சொல்லுங்க."

எடுத்துப் படித்தேன். எல்லாம் சின்னச் சின்னக் கவிதைகள். கடைசியில் ஒரு துப்பறிவாளரைப் பற்றி ஒன்று.

ஊரில் களவு போனதையெல்லாம்
உட்கார்ந்தபடியே கண்டுபிடிப்பார்.
மூக்குக் கண்ணாடி எங்கே என்று
மூலை மூலையாய்த் தேடி நிற்பார்.
"மூக்கு மேலே இருக்குதுங்க"
முணுமுணுத்தாள் வீட்டுக்காரி.
"மூக்கு எங்கே?" என்று கேட்டார்.
"அடுத்த வூட்டில் நுழைச்சீங்களே –
எடுத்துக்கினு வந்தீங்களா?"

சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். எப்படிப்பட்ட வரி! இதை விழுப்புரத்தில் படித்தால் ஹால் இடிந்து விழும். அத்தனை பேரும் பெல்ட் சாரைத் தோளில் தூக்குவார்கள். தமிழ் பிலோமினாவுடையது, சரி. ஆனால் அந்த யோசனை? அந்த மூக்கு? அது அந்த மனுஷனுடைய மூளை அல்லவா? எங்கேயோ பிறந்தவனுக்கு எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் பேசுகிற பேச்சு எப்படித் தெரிகிறது?

"மத்ததெல்லாம் பரவால்ல. அந்தக் கடைசி மூணு வரி வேண்டாம்" என்றேன்.

அவள் கை நின்றது. "ஏங்க? நல்லா இல்லீங்களா?"

"நல்லா இருக்கு, இல்லைங்கறது இல்ல. வூடுங்கற, எடுத்துக்கினுங்கற... படிச்சவங்க வர்ற சபை. கொச்சையாத் தெரியும். அப்புறம், கண்ணாடி மூக்கு மேல இருக்குன்னு சொன்னதோட விஷயம் முடிஞ்சுபோச்சு. அதுக்கு மேல நீட்டினா இழுவை. கவிதைக்கு ஒரு அடக்கம் வேணும் இல்லையா?"

நாக்கு எனக்கு இவ்வளவு சரளமாக ஓடியதே இல்லை.

அவள் முகம் கொஞ்சம் இறங்கியது. பெல்ட் சாருக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, பேனாவை எடுத்து, அந்த மூன்று வரியின் மேல் ஒரு கோடு போட்டாள். அடை கொஞ்சம் கருகியிருந்தது. நான் நன்றாகவே சாப்பிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம். ஹால் நிரம்பிவிட்டது. வெள்ளைக்காரர் தமிழ் பேசுவார் என்ற செய்தி பரவியதில், இலக்கியத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள்கூட வந்திருந்தார்கள். திருவாமாத்தூரிலிருந்து ஒரு வேனில் பெண்கள் சிலர். எல்லோரும் முன் வரிசை. பெல்ட் சார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

பிலோமினா படிக்க ஆரம்பித்தாள். வகுப்பில் படிக்கிற குரல். முதல் கவிதைகளுக்கு ஆங்காங்கே சிரிப்பு. கைதட்டல். கடைசியாகத் துப்பறிவாளர் கவிதை.

"முணுமுணுத்தாள் வீட்டுக்காரி" என்று நிறுத்தினாள்.

ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. சபை இன்னும் எதற்கோ காத்திருந்தது. அப்புறம், முடிந்துவிட்டது என்று புரிந்துகொண்டு, மரியாதைக்குத் தட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குத் தெரியும். நான் வாங்கியிருக்கிறேன்.

பெல்ட் சார் என் பக்கம் சாய்ந்தார். "அந்த மூக்கு வரி எங்க சார் போச்சி?"

"அது... கொஞ்சம் கொச்சையா இருந்துச்சு. உங்க மத்த வரிங்களே போதும்னு..."

"என் வரியா?" அவர் புருவத்தைத் தூக்கினார். "அது என்னுது இல்லியே! நான் எழுதினது கண்ணாடியோட முடிஞ்சி போச்சி. அது டீச்சரே எழுதினது. போன்ல படிச்சிக் காட்னாங்க. அதக் கேட்டதுலேர்ந்து..." வயிற்றில் கையை வைத்துக்கொண்டார். "இங்க எரியுது சார். நாப்பது வருஷமா அந்தக் கவிதை கூடவே இருக்கேன். எனக்கு வர்லியே!"

இந்த இடத்தில் எனக்கு வெட்கம் வந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. முதலில் வந்தது இன்னும் பெரிய பொறாமை. இத்தனை நாள் இரும்பைக்குப் பஸ் ஏறிப் போய்ப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேனே... ஆள் என் வீட்டு அடுப்பங்கரையிலேயே இருந்திருக்கிறாள்!

வெட்கம் அதற்கு அடுத்துதான் வந்தது. மேடையில் பிலோமினா தாளை மடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அடுப்பு முன்னால் பார்த்த அதே முகம். அது பெல்ட் சாருக்காக இறங்கிய முகம் இல்லை. முதல் தடவையாகச் சொந்தமாக எழுதிய மூன்று வரியை, எழுத்தாளன் என்று அவள் நம்புகிற ஒருத்தனிடம் காட்டிய முகம்.

எழுந்து நின்றேன்.

"பிலோ, அந்தக் கடைசி மூணு வரியையும் படி."

கோதண்டம் மைக்கில் குறுக்கிட்டார். "சார், கேள்வி நேரம் அப்புறம் இருக்குதுங்க."

"இது கேள்வி இல்லீங்க." என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "பிலோ, படி."

"அதை அடிச்சாச்சுங்களே" என்றாள் அவள். மைக் அதையும் ஹாலுக்குச் சொன்னது.

"நான்தான் தப்பா அடிக்கச் சொல்லிட்டேன். அது அவரு வரி இல்ல, உன் வரி. படி."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிலோமினா தாளைப் பிரிக்கவில்லை. வகுப்புக் குரலை விட்டுவிட்டு, வீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள்.

"மூக்கு எங்கே?" என்று கேட்டார். "அடுத்த வூட்டில் நுழைச்சீங்களே... எடுத்துக்கினு வந்தீங்களா?"

முதலில் வெடித்தது முன் வரிசை. திருவாமாத்தூர்ப் பெண்களில் ஒருவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஐயோ, எங்க வூட்டுக்காரரேதாம்மா அது!" என்றார். அதற்கு இன்னொரு சிரிப்பு. பின்னால் யாரோ, "இன்னொருவாட்டி சொல்லுங்க டீச்சர்!" என்று கத்தினார்கள். சொன்னாள். மறுபடியும் சிரித்தார்கள். பெல்ட் சார் நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடி ஆடிச் சிரித்துக்கொண்டே, நடுவில் ஒரு பெருமூச்சும் விட்டார். அந்தப் பெருமூச்சின் அர்த்தம் அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

திரும்பி வரும்போது திண்டிவனம் பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து சீட். விக்கிரவாண்டி தாண்டியது. நான்தான் ஆரம்பித்தேன்.

"உன் வரின்னு ஏன் சொல்லல?"

"உங்களுக்குப் பிடிச்சிருந்தா அப்புறமா சொல்லலாம்னு இருந்தேன்."

முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பிடிச்சுதான் இருந்துது" என்றேன்.

"தெரியும்ங்க."

"தெரியுமா? எப்படி?"

"நல்லா இல்லன்னா 'பரவால்ல'ன்னுட்டுப் போய்க்கினே இருப்பீங்க. அன்னிக்கு மட்டும் காரணம் காரணமா அடுக்கினீங்க. சபை, கொச்சை, அடக்கம்னு... அப்பவே தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் ஏன் அடிச்ச?"

அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். "நீங்க எவ்ளோ தூரம் போறீங்கன்னு பாக்கத்தான்."

"நான் எழுந்திருக்காம விட்டிருந்தா?"

"விழுப்புரத்துலேர்ந்தே செஞ்சி பஸ் ஏறி, வல்லத்துல எங்க அண்ணன் வூட்டுக்குப் போயிருப்பேன்" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. அதை அவள் உரக்கச் சொல்லவும் இல்லை. என் கை மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

யோசித்துப் பார்க்கிறேன். உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு நாளாவது வயிறு எரிந்திருக்கிறதா? கிடையாது. எரிவதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர்களைப் பார்த்துத்தான். பக்கத்து நாற்காலி. பக்கத்து சீட். ஒரே அடுப்பில் வெந்ததைச் சாப்பிடுகிறவர்கள். யாரோடு சேர்ந்து சந்தோஷப்பட மிகவும் சுலபமோ, அவர்களைப் பார்த்துத்தான் முகம் கோணுகிறது. உங்களுக்கு அப்படி இல்லையா? இல்லையென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கிறது.

கூட்டத்துக்கு வந்திருந்த யாரோ அந்த மூக்கு வரியைச் செல்போனில் வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். அது சுற்றிச் சுற்றி நம் பத்திரிகை ஆசிரியர் வரைக்கும் போய்விட்டது. அவர் எனக்குப் போன் செய்தார். இத்தனை வருஷத்தில் என் கட்டுரையைப் பாராட்ட ஒரு தடவை போன் செய்திருப்பாரா? இல்லை.

"சார், மேடம் நம்பர் குடுங்க" என்றார்.

கொடுத்தேன். சரியான நம்பரைத்தான் கொடுத்தேன். ஒரு இலக்கத்தை மாற்றிச் சொல்லலாமா என்று தோன்றியது உண்மை. சொல்லவில்லை.

ஆக, இந்த வாரத்திலிருந்து பிலோமினாவும் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறாள். வாரம் ஒரு வேடிக்கைக் கவிதை. இடமும் ஒதுக்கியாகிவிட்டது: என் பக்கத்துக்கு அடுத்த பக்கம்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காருங்கள்... தயவுசெய்து உடனே அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.